வேப் இழுப்பவருக்குத் தொண்டை எரிந்தால் என்ன செய்ய வேண்டும்

சென்னையில் தொண்டை கரகரத்தால் அலுவலகக் குளிர்சாதனத்தையோ, மழையையோ, வெளியில் குடித்த தண்ணீரையோ குறை சொல்வது வழக்கம். வேப் எனப்படும் மின்சிகரெட்டை இழுப்பவர் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் காரணத்தைச் சற்றே பிரித்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல், உடல்வலி, மூக்கொழுகல், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் தொற்று. இழுத்த சில நிமிடங்களில் எரிச்சல் கூடி, வாய் உலர்ந்து, வறட்டு இருமல் வந்து, இழுக்காத நாளில் அவை தணிந்தால் காரணம் வேப்தான் என்று கொள்ளலாம். காலையில் எழும்போது குரல் கம்மி, புளிப்பாக எதுக்களித்தால் இரைப்பை அமிலத்தையும் சந்தேகிக்க வேண்டும். உணவுக்குழாயின் அடிவாயை மூடி வைக்கும் தசையை நிக்கோட்டின் தளர்த்துவதால், இரவுப் பணி முடிந்து நேரம் கழித்து உண்டு உடனே படுப்பவர்களிடம் வேப் எரிச்சலும் அமில எரிச்சலும் ஒன்று சேர்ந்தே வரக்கூடும்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டால் எதை நிறுத்த வேண்டும் என்பது தெளிவாகும். வேப் திரவத்தில் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், சுவைச் சேர்மங்கள் ஆகியவை இருக்கின்றன. புரோப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. தொண்டையின் மெல்லிய சவ்வு அதனால் உலர்ந்துபோகிறது. நிக்கோட்டின் அங்குள்ள நரம்பு முனைகளை நேரடியாகத் தூண்டி எரிச்சலை உண்டாக்குகிறது. இலவங்கப்பட்டைச் சுவையைத் தரும் சேர்மம் மூச்சுப்பாதையைப் புண்படுத்தக்கூடியது. கருவிக்குள் இருக்கும் திரி உலர்ந்து, சூடேற்றும் கம்பி அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்ற நச்சுப்பொருள்கள் உருவாகின்றன. கருகிய சுவை தெரிந்த அந்த நொடியிலேயே கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும், மறுபடி ஒரு முறை இழுத்துப் பார்க்கக் கூடாது.

ஆகவே முதல் மருந்து இழுப்பதை நிறுத்துவதுதான். புண்பட்ட சவ்வின் மேல் அதே ஆவி திரும்பத் திரும்பப் படும்வரை வேறு எந்த வைத்தியமும் நிலைக்காது. நிறுத்திய பின், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளில் மூன்று நான்கு முறை தொண்டையில் படும்படி கொப்பளித்துத் துப்பலாம். தண்ணீரை ஒரேயடியாகக் குடிப்பதைவிட நாள் முழுதும் சிறிது சிறிதாகப் பருகுவது நல்லது. சென்னைக் காற்றில் ஈரம் மிகுதியாக இருந்தாலும், குளிர்சாதன அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் உலர்ந்த காற்றைத்தான் சுவாசிக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வதும், வெந்நீரில் தேன் கலந்து பருகுவதும் இதமளிக்கும். அதிமதுரத் துண்டை மெல்லும் வழக்கம் உள்ளவர்களில் இரத்த அழுத்தம் இருப்போர் அதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது அழுத்தத்தைக் கூட்டும். காரம், புளிப்பு, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபி ஆகியவற்றைச் சில நாள் குறைத்துக்கொள்ளலாம். குரல் கம்மியிருந்தால் உரக்கப் பேசாமல் இருப்பதுடன் கிசுகிசுப்பதையும் தவிர்க்க வேண்டும். கிசுகிசுப்பும் குரல்நாண்களுக்குச் சுமைதான்.

எரிச்சல் வந்ததும் பலர் வேறு திரவத்துக்கு மாறுகிறார்கள். இதை நான் மிகவும் ஆபத்தான தீர்வாகக் கருதுகிறேன். மென்தால் குளிர்ச்சியைத் தந்து எரிச்சலை உணரவிடாமல் செய்கிறதே தவிர, காயத்தை ஆற்றுவதில்லை. உப்பு வடிவ நிக்கோட்டின் தொண்டைக்கு மென்மையாக இருப்பதாலேயே, அதிக அளவு நிக்கோட்டினை உறுத்தலின்றி உள்ளே செலுத்தி அடிமைத்தனத்தை ஆழமாக்குகிறது. வேப்பை விட்டுவிட்டுப் பழையபடி சிகரெட்டுக்குத் திரும்புவதும் தீர்வாகாது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்திருக்கிறது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே நகரில் கைமாறும் பொருள் எதுவும் சட்டப்படியான தரச் சோதனையைக் கடந்து வருவதில்லை. புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பி அளவைக் கணக்கிட முடியாது. அமெரிக்காவில் 2019இல் பரவிய வேப் நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது உயிரிழந்தனர்; இறந்தவர்கள் 68 பேர். கஞ்சா வேதிப்பொருள் கொண்ட திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டுடன் அந்தப் பாதிப்புக்கு வலுவான தொடர்பு இருந்தது. இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், வாந்தி என்று சாதாரண நோய்போலத்தான் அது பலரிடம் தொடங்கியது.

நிறுத்தியவருக்கு முதல் இரண்டு மூன்று நாள்கள் கடினமானவை. எரிச்சலான மனநிலையும் தூக்கக்குறைவும் அப்போது உச்சத்தில் இருந்து, பின்னர் சில வாரங்களில் தணியும். இழுக்கும் ஆசை சில நிமிடங்களில் தானே அடங்குவதால் அந்த நேரத்துக்குத் தண்ணீர், நடை, பேச்சு என்று ஏதேனும் ஒன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். நிக்கோட்டின் சூயிங்கமும் தொண்டையை உறுத்தக்கூடும் என்பதால், தொண்டை புண்ணாக இருக்கும்போது தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணான 1800-11-2356-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம். வீட்டில் மகனோ மகளோ வேப் இழுப்பது தெரியவந்தால் பெற்றோர் முதலில் திட்டாமல் கேட்க வேண்டும்; பயந்துபோன பிள்ளை உண்மையை மருத்துவரிடமும் சொல்லாது.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். இழுப்பதை நிறுத்திய பிறகும் ஒரு வாரத்தில் எரிச்சல் குறையாவிட்டாலோ, குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று குரல்வளையைக் கருவி கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. எந்தத் திரவம், எத்தனை காலமாக, நாளில் எவ்வளவு, அதில் கஞ்சா கலந்திருந்ததா என்பவற்றை அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.