மாங்கொட்டை ஊன்றுவது முதல் காய் பறிப்பது வரை

ஒரு பழ மரம் எப்படி வளர்கிறது என்பது, ஒரு மாங்கொட்டையை ஊன்றிப் பார்த்தால் நன்றாகப் புரியும். ஒவ்வொரு வயதிலும் மரத்துக்குத் தேவை வேறு.

படி 1: கொட்டை

பழம் சாப்பிட்ட கையோடு வேலையைத் தொடங்குங்கள். மாங்கொட்டையை எடுத்துவைத்துப் பிறகு விதைக்க முடியாது. காயக் காய உயிர் போய்விடும். நாரைத் தேய்த்துக் கழுவி, மேல் ஈரம் போக ஓரிரு நாள் மட்டும் நிழலில் உலர்த்துங்கள். ஓட்டின் விளிம்பைக் கத்தரித்து மெதுவாகப் பிளந்தால், மொச்சை போல வளைந்த பருப்பு இருக்கும். வண்டு துளைத்திருந்தால் வேறு கொட்டை எடுங்கள்.

படி 2: முளை

பருப்பின் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, 2 அல்லது 3 செ.மீ. மண் மூடுங்கள். ஈரம் போதும், தண்ணீர் தேங்கக்கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் முளை எட்டிப் பார்க்கும். சில ரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் அச்சு. ஒற்றை முளை விடும் ரகங்களில் பழம் தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

படி 3: கன்று

புதுக் கொழுந்து செம்பு நிறத்தில், துணி போலத் துவண்டு தொங்கும். நோய் என்று பயந்து மருந்தடிக்காதீர்கள். சில நாளில் இலை விறைத்துப் பச்சையாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கன்று இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும்.

படி 4: காத்திருப்பு

கொட்டைக் கன்று காய்க்க 5 முதல் 8 ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக்கன்று 3, 4 ஆண்டுகளில் காய்க்கும். காரணம், அதன் மேல்பகுதி ஏற்கெனவே காய்த்த மரத்தின் கிளை. வேருக்குத்தான் வயது குறைவு. அதனால்தான் நட்ட மறு வருடமே பூக்கூட வைக்கும். மனசு கேட்காது, ஆனாலும் அந்தப் பூவைக் கிள்ளிவிடுங்கள். முதலில் வேரும் கிளையும் தேறட்டும்.

படி 5: பூவும் பிஞ்சும்

ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேலும் பூக்கள் இருக்கும். பல ஆண் பூக்கள், அவை காயாகாது. மற்றவை காயாக ஈயும் தேனீயும் வரவேண்டும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். அப்புறம் பிஞ்சு கொட்டும். தாங்க முடிந்த அளவை மட்டும் மரம் வைத்துக்கொள்கிறது. நூறு பூவுக்கு ஒரு காய் தேறினாலே அதிகம்.

படி 6: அறுவடை

பூத்த 3 முதல் 5 மாதத்தில் காய் முற்றும். காம்பின் இரு பக்கமும் தோள் புடைத்திருக்கிறதா பாருங்கள். காம்போடு சேர்த்து வெட்டுங்கள். காம்பிலிருந்து வடியும் பால் பட்டால் காயின் தோல் புண்ணாகும்.

நிறையக் காய்த்த மரம் அடுத்த ஆண்டு ஓய்வெடுப்பது சகஜம். மாமரம் நூறு வயதைத் தாண்டியும் நிற்கும். கிழமரம் காய்ப்பு குறைந்தால் உடனே வெட்டிவிடாதீர்கள். பெரிய கிளைகளை ஆண்டுக்கு ஒன்றிரண்டாகக் குறைத்தால் புதுத் தளிர் அடிக்கும், அதில் வேண்டிய ரகத்தை ஒட்டுக் கட்டலாம்.