ஆய்வு முடிவை அரசிடம் கொண்டுசெல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்கை வகுப்போர் ஆய்வாளரிடம் பெரும்பாலும் ஒரேயோர் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எண்ணைத் தருவது தவறன்று; அது எந்தக் கணக்கில் பிறந்தது, எதுவரை செல்லுபடியாகும் என்பதை அறுத்துவிட்டுத் தருவதே முதல் தவறு. கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தக்க சான்று. அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய காலங்களில், வளர்ந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 விழுக்காடாக இருந்தது என அது கூறியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசுச் செலவைக் குறைக்க முனைந்தவர்கள் இந்த 90ஐ ஓர் எல்லைக்கோடாகவே எடுத்துக்கொண்டனர். வளர்ச்சி மந்தமானாலும் கடன் விகிதம் உயரும் என்பதால் எது காரணம், எது விளைவு என்ற கேள்வி திறந்தே இருந்தது. அரசியல் மேடைகளில் அது காணாமற்போயிற்று.

பிறர் சரிபார்க்கும் வகையில் கணக்கைத் திறந்துவைக்கும் முன்பே அது கொள்கையாக மாறவிடுவது அடுத்த தவறு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், அந்த ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைப் பெற்றுச் சரிபார்த்து, தம் பேராசிரியர்கள் இருவருடன் 2013இல் வெளியிட்ட மறுகணக்கில் அந்தச் சராசரி 2.2 விழுக்காடாயிற்று. கோப்பில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்ததையே ஊடகங்கள் பெரிதாகப் பேசின. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல், நியூசிலாந்தின் ஓராண்டுச் சரிவுக்கும் பிரிட்டனின் 19 ஆண்டு அனுபவத்துக்கும் சம எடை அளித்ததில் இருந்தது. இத்தகைய தேர்வுகளை அமைச்சகத்துக்கு அளிக்கும் சுருக்கக் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். பின்னிணைப்பை அங்கே யாரும் புரட்டுவதில்லை.

தம் முடிவைப் பிறர் திரித்துச் சொல்லும்போது வாளாவிருப்பது மூன்றாவது தவறு. இத்தாலியின் லாக்விலா நகரில் தொடர் நில அதிர்வுகள் பற்றி ஆராய 2009 மார்ச் 31 அன்று வல்லுநர்கள் கூடினர். சிறு அதிர்வுகள் ஆற்றலை வெளியேற்றுவதால் அச்சம் வேண்டாம் என்ற அறிவியலுக்கு ஒவ்வாத ஆறுதலைக் குடிமைப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில் கூறினார்; மக்களைச் சென்றடையும்படி அதை எவரும் திருத்தவில்லை. ஏப்ரல் 6ஆம் நாள் நிலநடுக்கத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்த உயிரிழப்புகள் தொடர்பான வழக்கில் அந்த அதிகாரியுடன் 2012இல் தண்டிக்கப்பட்ட, கூட்டத்தில் பங்கேற்ற அறிவியலாளர் அறுவரும் 2014இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டதே தவிர நீங்கவில்லை. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாததற்காக அறிவியலாளரைத் தண்டிப்பது முறையன்று என்றே நான் கருதுகிறேன். ஆயினும் பொதுமக்களுக்கான அறிவிப்பின் வாசகத்தைக் கூட்டம் கலையும் முன் எழுத்தில் முடிவு செய்துகொள்ளும்படி வல்லுநர்கள் வற்புறுத்தலாம்.

நிதி அளித்தவர் யார் என்பதை மறைப்பதும், துறைக்கு வெளியே போய்த் தீர்ப்புச் சொல்வதும் விளக்கம் தேவைப்படாத தவறுகள். அளித்த முடிவில் பின்னர் பிழை தெரியவந்தால், இதழில் திருத்தம் வெளியிடுவதோடு நின்றுவிடாமல், அறிக்கையைப் பெற்ற அதே அலுவலருக்கும் எழுத வேண்டும். அவர் மாறியிருந்தால் அந்தப் பொறுப்பில் இப்போது இருப்பவருக்கு எழுத வேண்டும்.