முதலாளி மீதே புகாரா? மாவட்டக் குழுவிடம் போகும் வழி

புதுச்சேரி மிஷன் வீதியில் நாலு பேர் வேலை பார்க்கும் துணிக்கடை, பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகை. இங்கே பாலியல் தொல்லைக்கு ஆளாகும் பெண்ணிடம் “ஆபீஸ் கமிட்டியில் சொல்லுங்கள்” என்பதில் அர்த்தமில்லை. 10 பேருக்குக் குறைவான இடத்தில் இந்தப் புகாரை விசாரிக்கும் கமிட்டியே இருக்காது. அதற்காகத்தான் பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் உள்ளூர் புகார் குழுவை வைத்திருக்கிறது. பெரிய நிறுவனமானாலும், புகார் முதலாளி மீதே என்றால் இங்கேதான் வர வேண்டும். சமூக சேவையில் உள்ள பெண் தலைவர், தொண்டு நிறுவனத்தார், அரசு சமூக நல அலுவலர் என முதலாளியிடம் சம்பளம் வாங்காதவர்கள் உட்காரும் குழு இது.

எந்த மாவட்டம் என்பதை வேலை செய்யும் இடத்தை வைத்துப் பாருங்கள். பாகூரில் வீடு, கடலூரில் வேலை என்றால் கடலூர் மாவட்டக் குழு. கலெக்டர் அலுவலகத்திலோ மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ விசாரித்தால் மனுவை எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.

பெரும்பாலான புகார்கள் கெடுவது கெடுவில்தான். கடைசிச் சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். அந்தக் காரணத்தை மனுவிலேயே எழுதுங்கள். “தீபாவளி போனஸ் வாங்கிட்டு அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடாதீர்கள்.

மனு 6 பிரதி. ஒவ்வொன்றோடும் ஆதாரங்களின் ஜெராக்ஸ், சாட்சிகளின் பெயர், முகவரி. உங்களுக்கென்று ஏழாவது பிரதி எடுத்து, அதில் தேதியும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத வராதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை, தயங்க வேண்டாம்.

“எப்பவும் தொந்தரவு செய்கிறார்” என்று எழுதினால் விசாரிக்க எதுவும் இல்லை. இப்படி எழுதுங்கள்: “மார்ச் 4, இரவு 8 மணி வாக்கில் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. ஸ்டாக் ரூமில் துணிக்கட்டை இறக்கச் சொல்லி, பின்னால் வந்து இடுப்பைப் பிடித்தார். ‘லீவு வேணும்னா சொன்னபடி கேளு’ என்றார். பில் போடும் அக்கா வாசலில் இருந்தார்.” தேதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் ஆகிய நாலும் இதில் இருக்கின்றன. இதை வருகைப் பதிவோடும் கேமரா பதிவோடும் குழு ஒத்துப் பார்க்க முடியும். கேமரா பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால், அதை உடனே வரவழைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். ஆவணங்களை வரவழைக்கவும் ஆட்களுக்குச் சம்மன் அனுப்பவும் குழுவுக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகும் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

மனு கிடைத்த 7 வேலை நாளுக்குள் எதிர்தரப்புக்கு ஒரு பிரதி போகும். அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். எந்தத் தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. காரணமில்லாமல் ஒரு தரப்பு தொடர்ந்து 3 முறை விசாரணைக்கு வராமல் போனால், 15 நாள் எழுத்து அறிவிப்புக்குப் பிறகு புகார்தாரரின் மனுவை முடித்துவிடலாம், எதிர்தரப்பு இல்லாமலே உத்தரவும் போடலாம். உடம்பு சரியில்லை என்றால்கூட எழுதிக் கொடுத்துவிடுங்கள். விசாரணை நடக்கும்போது 3 மாதம் வரை விடுப்பு கேட்கலாம். அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

“சமாதானமா போயிடும்மா” என்று தெருப் பெரியவர்கள் வருவார்கள். சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால் மட்டுமே நடக்க வேண்டியது. பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதைச் சட்டம் ஏற்காது. இந்த இடத்தில் உறுதியாக நில்லுங்கள்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அடுத்த 10 நாளில் அறிக்கை. இழப்பீட்டைக் கணக்கிடும்போது மன வேதனை, போன வேலை வாய்ப்பு, மருத்துவச் செலவு எல்லாம் பார்ப்பார்கள். மருந்துச் சீட்டையும் சம்பளக் கணக்கையும் சேர்த்து வையுங்கள். நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே பொய்ப் புகார் என்று உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு மட்டும் வழி வேறு: முகாந்திரம் தெரிந்தால் குழு 7 நாளுக்குள் புகாரை போலீசுக்கு அனுப்பும். மற்றவர்களும் குழுவுக்குக் காத்திராமல் நேரடியாக ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. குழுவின் பரிந்துரை திருப்தியில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது. அறிக்கை கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள்.