அலாய் வீலில் காற்று மெல்ல இறங்கும்போது செய்யக் கூடாதவை

காரின் நான்கு சக்கரங்களில் ஒன்றில் மட்டும் வாரத்துக்கு நான்கைந்து பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று குறைந்தால், பெரும்பாலானோர் பெட்ரோல் போடும்போதெல்லாம் அந்தச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். செலவில்லாத வழியாகத் தோன்றும் இதுதான் கடைசியில் அதிகம் செலவு வைக்கிறது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்வதால் சூடேறுகிறது. உள்ளே காற்றைத் தாங்கி நிற்கும் மெல்லிய ரப்பர் படலம் உராய்ந்து தேய்கிறது. இப்படி ஓடிய டயரைக் கழற்றினால், அது பொருந்தியிருக்கும் உலோக வளையமான ரிம்முக்குள்ளிருந்து கரித்தூள் போன்ற ரப்பர் பொடி கொட்டும். அந்தப் பொடியைப் பார்த்த பிறகு அந்த டயரை மீண்டும் மாட்டச் சொல்லக் கூடாது. இருநூறு ரூபாய் வால்வில் முடிந்திருக்க வேண்டிய வேலை புது டயர் வாங்குவதில் முடிவது இப்படித்தான்.

இறங்குகிறதே என்று முன்கூட்டியே 40, 42 பி.எஸ்.ஐ. அடித்து வைப்பதும் இதே போக்கின் மறுபக்கம். முதல் சில நாட்கள் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டுத் தேயும். மழையில் பிடிமானம் குறையும். கடைசி சில நாட்கள் ஓரங்கள் தேயும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் எழுதியுள்ள அளவே சரியான அளவு. டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிப்பது தவறு.

அளப்பதிலேயே பலர் ஏமாறுகிறார்கள். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டில் 36 காட்டிய டயர், மறுநாள் விடியற்காலையில் 32 காட்டினால் அதைக் கசிவு என்று சொல்ல முடியாது. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் படாத நேரத்தில், ஒரே கருவியால் நான்கு சக்கரங்களையும் அளந்து எழுதி வைத்தால்தான் ஒப்பிட முடியும். குறையே இல்லாத டயரிலும் ரப்பர் வழியாக மாதத்துக்கு ஓரிரு பி.எஸ்.ஐ. வெளியேறும். நான்கும் சேர்ந்து அப்படிக் குறைந்தால் கவலை இல்லை. ஒன்று மட்டும் பின்தங்கினால் அதில் கோளாறு உண்டு. காரில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று அதை நம்பியிருப்பதும் சரியன்று. பல அமைப்புகளில் அழுத்தம் கால் பங்கு அளவுக்குக் குறைந்த பிறகே விளக்கு எரியும். சக்கரத்தின் சுழல்வேகத்தை வைத்து அழுத்தத்தைக் கணிக்கும் வகை அமைப்புகளில், காற்றைச் சரிசெய்யாமலே ரீசெட் பொத்தானை அழுத்தினால், குறைந்த அழுத்தத்தையே சரியானதென்று வண்டி பதிவு செய்துகொள்ளும்.

கசிவென்று உறுதியானதும் எல்லோருடைய கண்ணும் ஆணியைத்தான் தேடுகிறது. தேட வேண்டியதுதான், ஆனால் டயரின் தரைபடும் பகுதி சுத்தமாக இருந்தால் உடனே டயர் நிறுவனத்தைக் குறை சொல்லிப் புது டயர் வாங்கிவிடக் கூடாது. நாலைந்து ஆண்டு பழகிய அலாய் வீலில் நான் அதிகம் சந்தேகப்படுவது, டயரின் விளிம்பான பீடும் ரிம்மும் சேரும் வளையத்தைத்தான். அலாய் எனப்படும் அலுமினியக் கலவையின் மேல் பூசிய லேக்கர் என்னும் பாதுகாப்புப் பூச்சு, டயர் மாற்றும்போது கம்பி பட்டோ, ஓரத்தில் அடித்துப் பொருத்திய பேலன்சிங் எடையாலோ எங்காவது பெயர்ந்திருக்கும். அந்த இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பொங்கும். பொங்கும்போது அக்கம்பக்கத்து லேக்கரையும் தூக்கிவிடும். நகத்தின் தடிமன்கூட இல்லாத அந்த மேட்டில் பீடு சரியாக உட்காராது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டியும் தினமும் ஓடும் வண்டிகளுக்கு இது சீக்கிரமே வரும். சக்கரம் பளபளக்க வேண்டுமென்று காட்டமான அமிலக் கழுவியைத் தெளித்துவிட்டு நன்றாக அலசாமல் விடுபவர்கள் இதை விலை கொடுத்து வரவழைக்கிறார்கள்.

கசிவைத் தேடும் விதத்திலும் பிழை நேர்கிறது. சக்கரத்தை வண்டியில் வைத்தபடியே வெளிப்பக்கத்தில் மட்டும் சோப்பு நீரை ஊற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அரிப்பும் அடிபட்ட விரிசலும் உட்பக்கத்தில் இருப்பதுண்டு. அது வண்டியில் மாட்டிய நிலையில் தெரியவே தெரியாது. சக்கரத்தைக் கழற்றி, உரிய அளவுக்குக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து பி.எஸ்.ஐ. போகும் கசிவு குமிழிகளைச் சடசடவென்று விடாது. பல விநாடிகளுக்கு ஒரு குமிழி வந்தாலே பெரிது. தொட்டி இல்லையென்றால் கெட்டியான சோப்பு நீரைத் தூரிகையால் வளையம் முழுக்கப் பூசிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தால், கசியும் இடத்தில் மட்டும் நுண்ணிய வெண்ணுரை மெல்லக் குவிந்து வரும். நுரை கண்ட இடத்தில் டயரையும் ரிம்மையும் சேர்த்து ஒரே சாக்பீஸ் கோடு போட்ட பிறகே டயரைப் பிரிக்க வேண்டும். கோடு போடாமல் பிரித்துவிட்டால் குறை டயரிலா ரிம்மிலா என்பதை மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

வால்வை எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். செலவு குறைந்த அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றி வால்வின் வாயில் ஒரு துளி சோப்பு நீர் வைத்தால் வால்வு பின் கசிகிறதா என்பது தெரிந்துவிடும். ரப்பர் வால்வைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்துப் பார்த்தால் அடியில் வெடிப்பு இருந்தால் கண்ணுக்குப் படும். புது டயர் போடும்போது பழைய ரப்பர் வால்வையே விட்டுவிடுவது அற்பச் சிக்கனம். அழுத்த சென்சாரோடு சேர்ந்த அலுமினிய வால்வாக இருந்தால், சாதாரணப் பித்தளைப் பின்னையோ அழகுக்கு விற்கும் உலோக மூடியையோ அதில் போடக் கூடாது. இரு உலோகங்களும் ஈரத்தில் அரித்து ஒட்டிக்கொண்டு, பிறகு திருகினால் வால்வே முறியும்.

பீடில்தான் கசிவு என்று தெரிந்த பிறகு, டயரைப் பிரித்து ரிம்மைத் துடைக்காமலே பீடு சீலர் என்னும் கருப்புப் பசையைத் தடவி மாட்டிவிடும் கடைகள் உண்டு. பொடியின் மேல் பூசிய பசை பொடியோடு சேர்ந்து உதிரும். அரிப்பைக் கிரைண்டரில் தேய்த்து எடுப்பது அதைவிட மோசம். பள்ளம் விழுந்தால் அது நிரந்தரக் கசிவாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாராலோ நைசான உப்புத்தாளாலோ வளையம் முழுவதையும், டயரின் பீடையும், கையால் தடவினால் வழவழப்பாக இருக்கும்வரை துடைத்தெடுத்த பிறகு சீலரை மெல்லிய படலமாகப் பூசுவதே முறை. பீடு வழுக்கி உட்காரக் கிரீஸ் தடவ அனுமதிக்க வேண்டாம். எண்ணெய்ப் பொருள் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். இதற்கென்றே உள்ள டயர் பேஸ்ட் போதும்.

டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் ஆணித் துளைக்காக வந்தது. நடுவழியில் ஊர் போய்ச் சேர உதவும். அரித்த பீடுக்கோ விரிசல் விட்ட ரிம்முக்கோ அது மருந்தாகாது. சென்சாரின் துளையை அடைக்கும், பேலன்சிங்கைக் கெடுக்கும், அடுத்துப் பிரிப்பவரின் வசையையும் வாங்கித்தரும். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டுவிடும் யோசனையை நான் அறவே ஏற்பதில்லை. உள்ளே உராய்ந்து சூடேறும் டியூப் ஓட்டத்தில் வெடித்தால், மெல்லக் கசிந்த காற்று ஒரே நொடியில் போய்விடும். நைட்ரஜன் நிரப்பினால் சரியாகும் என்பவர்களுக்கு ஒரு வரி: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான், ஓட்டை எதுவாயினும் இரண்டும் வெளியேறும்.

பள்ளத்தில் பலமாக அடிபட்ட பிறகு தொடங்கிய கசிவைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரும்பு ரிம் நெளியும். அலாய் நெளிவதோடு விரிசலும் விடும், அதுவும் உட்புற உருளையில். அந்த விரிசலை வெல்டிங் வைத்து அடைத்துத் தருவதாகச் சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெரும்பாலான அலாய் வீல்கள் வார்த்தபின் வெப்பப் பதனம் செய்து வலுவூட்டப்படுகின்றன. வெல்டிங்கின் சூடு, சுற்றியுள்ள உலோகத்தின் அந்த வலுவைக் குறைத்துவிடும். காற்று நிற்கலாம், ஆனால் அடுத்த பள்ளத்தில் வெல்டிங்கின் ஓரத்திலேயே அது பிளக்கக்கூடும். ஆரத்திலோ நடுக் குடத்திலோ விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, வீலை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது விட்டம் மட்டுமன்றி அகலம், ஆஃப்செட் (வீல் வண்டியோடு பொருந்தும் தளம் வீலின் நடுக்கோட்டிலிருந்து விலகியுள்ள தூரம்), போல்ட் இடைவெளி ஆகியவையும் பழையதோடு பொருந்த வேண்டும்.

எந்தப் பழுதுபார்ப்புக்குப் பிறகும், சக்கரத்தை மாட்டிய அன்று மாலையே அளந்து நிம்மதியடைந்துவிடாமல், மறுநாள் காலையிலும் ஒரு வாரம் கழித்தும் அளந்து பார்ப்பது அவசியம். இடையில், கசியும் வீலை ஸ்டெப்னியாகப் பின்னால் போட்டுவிட்டு மறந்துவிடுவது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். அது டிக்கியில் கிடந்தபடியே காலியாகும். கூடவே, பல அலாய் வீல் கார்களில் ஸ்டெப்னி அளவில் சிறிய இரும்புச் சக்கரம். அதன்மேல் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாதென்று ஒட்டியிருக்கும். அந்தச் சக்கரத்தை முன்னால் மாட்டிக்கொண்டு, அலாய் பழுதாகி வரும்வரை வாரக்கணக்கில் ஊர் சுற்றுவதற்கு அது செய்யப்படவில்லை.