விளையாட்டுக் கழகத்தில் பாகுபாட்டைக் கணக்கெடுப்பது எப்படி?

ஒரு பள்ளியிலோ கழகத்திலோ பயிற்சி மையத்திலோ, பெண்களுக்கும் இனத்தாலோ நிறத்தாலோ சிறுபான்மையாக இருப்பவர்களுக்கும் சம வாய்ப்புக் கிடைக்கிறதா என்று நிர்வாகிகளைக் கேட்டால், "இங்கே யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதை அவர்கள் மனதாரவே சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆகவே யாருடைய எண்ணம் எப்படிப்பட்டது என்று ஆராய்வதில் இறங்க வேண்டாம். மைதான நேர அட்டவணை, கொள்முதல் கணக்கு, அணிப் பட்டியல், நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பேடு ஆகிய நான்கையும் வாங்கி வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்குங்கள். பயிற்சியாளரோ, உடற்கல்வி ஆசிரியரோ, பெற்றோரோ, மூத்த வீராங்கனையோ, பொறுமையும் ஒரு குறிப்பேடும் உள்ள எவரும் இதைச் செய்யலாம்.

எண்ணிக்கையை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையுடன் வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஆனால், பெண்கள் பாதி வழியிலேயே துவண்டு விழுந்தார்கள் என்று சில பத்திரிகைகள் எழுதின. பெண்ணின் உடல் இதைத் தாங்காது என்ற பேச்சு வலுத்தது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் வரை அந்த ஓட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. ஒன்பது பேர் ஓடி ஒன்பது பேர் முடித்தார்கள் என்ற எளிய கணக்கை எவரேனும் உரக்கச் சொல்லி, அதைப் பிறர் காதில் வாங்கியிருந்தால், 32 ஆண்டுகள் வீணாகியிருக்காது. அக்கறை போலவும் அறிவியல் போலவும் ஒலிக்கும் காரணங்களை ஏட்டில் உள்ள பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்கக் கூடாது.

மைதானம் யாருக்கு, எப்போது?

முதலில் நான்கு வார நேர அட்டவணையை எடுங்கள். நாள், நேரம், எந்த மைதானம், எந்த அணி, எத்தனை பேர், பயிற்சியாளர் யார், விளக்கு இருந்ததா என்று பத்திகள் பிரித்து ஒவ்வொரு பயிற்சியையும் ஒரு வரியில் எழுதுங்கள். மொத்த மணி நேரம் சமமாக வந்தாலும் அங்கே நின்றுவிடாதீர்கள். பள்ளி விட்டதும் கிடைக்கும் நேரம் ஓர் அணிக்கும், இருட்டிய பிறகு மிஞ்சும் நேரம் இன்னோர் அணிக்கும் போயிருந்தால், மணிக்கணக்கு சமமாக இருந்தும் வாய்ப்பு சமமாக இல்லை. இரவில் தனியே வீடு திரும்ப வேண்டியிருப்பதால் நின்றுபோகும் பெண் பிள்ளைகள், ஆர்வம் இல்லாதவர்கள் என்றே பதிவாகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒரு பத்தியை நீங்களாகவே சேர்க்க வேண்டும்: திட்டமிட்டபடி நடந்ததா, ரத்தானதா? மழையால் ஒரு மைதானம் மட்டும் ஆடத்தக்கதாக மிஞ்சிய நாளில் யாருடைய பயிற்சி தள்ளிப்போனது? முக்கியப் போட்டிக்காக இடம் தேவைப்பட்டபோது யாரை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள்? தாராளமான நாட்களில் எந்தக் கழகமும் நியாயமாகத்தான் தோன்றும். நெருக்கடியான நாட்களில் ஒரே அணி திரும்பத் திரும்ப விட்டுக்கொடுத்திருந்தால், அந்த ஒரு பத்தியே உங்கள் அறிக்கையின் பாதியாகிவிடும்.

பொருள்கள்

அறைகளுக்குள் நேரில் சென்று பாருங்கள். பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். 2021ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரில், ஆண்கள் அணிகளுக்கு முழு உடற்பயிற்சிக் கூடமும் பெண்கள் அணிகளுக்கு ஒரேயொரு டம்பெல் அடுக்கும் சில விரிப்புகளும் தரப்பட்டன. இடமில்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று. செடோனா பிரின்ஸ் என்ற வீராங்கனை தன் கைப்பேசியால் அந்த அடுக்கைப் படம் பிடித்து, அப்படியே திரும்பி அதற்கு எதிரே காலியாகக் கிடந்த பெரிய கூடத்தையும் காட்டினார். சில நாட்களிலேயே உபகரணங்கள் வந்து இறங்கின. அவர் செய்ததைத்தான் நீங்களும் செய்ய வேண்டும்: சொல்லப்பட்ட காரணத்தையும் அதே இடத்தில் கண்ணுக்குத் தெரிவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஜெர்சி, காலணி, பந்து, தடுப்புக் கவசம் ஒவ்வொன்றும் எந்த ஆண்டு வாங்கியது, யாருக்காக வாங்கியது, இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பெண்களின் கால் வடிவமும் இடுப்பு அமைப்பும் ஆண்களுடையவை அல்ல; ஆண்களின் அளவைச் சிறிதாக்கித் தைத்த சட்டையும் காலணியும் அவர்களுக்குப் பொருந்துவதில்லை. உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாள், கழிப்பறையில் தண்ணீர், மாதவிடாய் அணையாடையைப் போட மூடியுள்ள தொட்டி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இதையெல்லாம் சில்லறை விஷயம் என்று எண்ணுபவர்கள், பதின்வயதில் பெண்கள் ஏன் விளையாட்டை விட்டுப் போகிறார்கள் என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

உடை விதிகளைத் தனியாகப் படியுங்கள். 2021இல் நார்வே பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணிக்கு, பிகினிக்குப் பதிலாக அரைக்கால் சட்டை அணிந்ததற்காக 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டே சர்வதேசக் கூட்டமைப்பு விதியை மாற்ற நேர்ந்தது. அடர்ந்து சுருண்ட தலைமுடிக்கென வடிவமைத்த நீச்சல் தொப்பிக்கு 2021இல் அனுமதி மறுத்த உலக நீச்சல் கூட்டமைப்பு, மறு ஆண்டு அனுமதித்தது. தலைத்துணி அணிந்து ஆடுவதைக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014இல்தான் விதிகளில் ஏற்றது. இவற்றில் எதுவும் "இன்னார் விளையாடக் கூடாது" என்று எழுதிய விதி அல்ல. யாருடைய உடலை, யாருடைய முடியை, யாருடைய நம்பிக்கையை இயல்பானது என்று எண்ணி விதி எழுதப்பட்டது என்பதே கேள்வி. உங்கள் கழகத்தின் விதி ஒவ்வொன்றின் அருகிலும் இதனால் யார் வெளியே நிற்க நேரும் என்று எழுதிப் பாருங்கள்.

பணத்தை எண்ணும்போது

"ஒரே கட்டணம், ஒரே ஊதியம்" என்ற அறிவிப்பைப் படித்ததும் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். விகிதத்தை எண்ணிக்கையால் பெருக்கினால்தான் தொகை தெரியும். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே போட்டிக் கட்டணத்தை அறிவித்தது நல்ல முடிவு, வரவேற்கத்தக்கது. ஆனால் இந்தியப் பெண்கள் அணி 2014 நவம்பருக்கும் 2021 ஜூனுக்கும் இடையே ஒரு டெஸ்ட் போட்டியில்கூட ஆடியிருக்கவில்லை. ஆடக் கிடைக்காத போட்டிக்குக் கட்டணம் எவ்வளவு உயர்ந்தால் என்ன? எனவே உங்கள் கணக்கில் நான்கு எண்கள் இருக்க வேண்டும்: ஒரு போட்டிக்கு எவ்வளவு, ஆண்டில் எத்தனை போட்டி, பயணத்துக்கும் மருத்துவத்துக்கும் பயிற்சியாளருக்கும் எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு.

"பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது, வருமானம் இல்லை" என்ற பதில் கண்டிப்பாக வரும். அதற்கு ஆயத்தமாக இருங்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் நடந்த பெண்கள் கால்பந்துப் போட்டியைச் சுமார் 53,000 பேர் கண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கூறி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குத் தடை நீடித்தது. கூட்டம் இல்லாததால் தடை வரவில்லை. கூட்டம் இருந்தபோதே வந்தது. ஆகவே வருமானத்தைப் பற்றிப் பேசுமுன் எத்தனை முதலீடு செய்தோம், எத்தனை போட்டியை எந்த நேரத்தில் வைத்தோம், எத்தனை சுவரொட்டி ஒட்டினோம் என்ற கணக்கை மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

நிறமும் ஆட்ட இடமும்

இனப் பாகுபாட்டைக் கணக்கெடுப்பது கடினம். அதனால்தான் பலரும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் விதி: யார் எந்த இனம் என்று நீங்கள் தோற்றத்தைப் பார்த்துக் குறிக்கக் கூடாது. பெயர் எழுதாத தாளில் அவரவரே நிரப்பட்டும், விருப்பமில்லாதவர்கள் விட்டுவிடட்டும். ஒரு பிரிவில் இரண்டு மூன்று பேரே இருந்தால் அந்த எண்ணிக்கையை வெளியிடாதீர்கள். யார் என்று எளிதாகத் தெரிந்துவிடும்.

அடுத்து, யார் எந்த இடத்தில் ஆட வைக்கப்படுகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஆடும் ஆட்டம், நம் கால்பந்து அல்ல) ஆட்டத்தைத் திட்டமிட்டு நடத்தும் குவார்ட்டர்பேக் இடம் நெடுங்காலம் வெள்ளையர்களுக்கே ஒதுக்கப்பட்டு, வேகமும் பலமும் வேண்டிய இடங்களுக்குக் கறுப்பினத்தவர் அனுப்பப்பட்டார்கள். அந்த எண்ணம் எவ்வளவு ஆழத்துக்குப் போனது என்பதற்கு ஒரே சான்று போதும். தலைக்காயத்தால் மூளைத்திறன் குன்றிய முன்னாள் வீரர்களுக்கு அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். இழப்பீடு வழங்கும் திட்டத்தில், கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்ற அனுமானத்தில் மதிப்பெண்ணைத் திருத்தும் முறை இருந்தது. அதனால் பாதிப்பை நிரூபிப்பது அவர்களுக்குக் கூடுதல் கடினமானது. இந்த முறையைக் கைவிடுவதாக அந்த லீக் 2021இல்தான் அறிவித்தது.

சொற்களையும் எண்ணலாம். பயிற்சியாளர்கள் எழுதிய ஓராண்டு மதிப்பீடுகளை வாங்கி, பெயர்களை மறைத்துவிட்டு, வருணனைச் சொற்களை மட்டும் இரண்டு பட்டியலாக எழுதுங்கள். "புத்திசாலி", "நிதானமானவர்", "ஆட்டத்தைப் படிக்கிறார்", "தலைமைப் பண்பு" போன்றவை ஒரு பக்கம். "முரட்டு பலம்", "இயற்கையான வேகம்", "கட்டுக்கடங்காதவர்" போன்றவை மறு பக்கம். பிறகு பெயர்களைத் திறந்து பாருங்கள். உழைத்துப் பெற்ற திறமையைப் பிறவிக் கொடை என்று சொல்வது பாராட்டுபோலத் தோன்றினாலும், அந்தப் பிள்ளையின் உழைப்பை அழித்துவிடுகிறது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அதன் விலை தெரியும். இதே பயிற்சியைக் கழகத்தின் செய்திக்குறிப்புகளுக்கும் செய்யுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்ற கோரி காக்டெல்லை அமெரிக்க நாளிதழ் ஒன்று தன் சமூக ஊடகப் பதிவில், அவர் பெயரைக்கூடச் சொல்லாமல், இன்ன அணி வீரரின் மனைவி என்று அறிமுகப்படுத்தியது.

பாலினமும் இனமும் ஒரே ஆளின் மேல் சேர்ந்து விழும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. முடிவு உலகுக்கே செய்தியானது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமெனியா 2009 முதல் இதே சந்தேகத்தைச் சுமந்தார். இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் மிகுந்த பெண்களைத் தடுத்த விதியால் 2014இல் இந்திய அணியிலிருந்து நீக்கப்பட்ட ஓட்டக்காரர் டூட்டி சந்த், விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குச் சென்று, மறு ஆண்டு அந்த விதியை நிறுத்திவைக்கச் செய்தார். தகுதி விதிகள் குறித்த வழக்கும் வாதமும் சர்வதேச அளவில் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒரு பள்ளியோ கழகமோ செய்ய வேண்டியது தெளிவானது: ஒரு பெண் பிள்ளையின் தோற்றத்தையோ குரலையோ வேகத்தையோ காட்டி அவள் பெண்தானா என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை என்று எழுத்தில் விதி செய்யுங்கள். மருத்துவத் தகவல் எதுவும் சிகிச்சைக்குத் தேவைப்படுபவரைத் தாண்டிப் போகக் கூடாது.

முடிவெடுப்பவர்கள் யார்?

களத்தில் வாய்ப்புத் திறந்ததும் அதிகாரமும் திறந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஜாக்கி ராபின்சன் 1947இல் அமெரிக்க பேஸ்பாலின் முதன்மை லீக்கில் நிறத்தடையை உடைத்தார். அந்த லீக்கில் முதல் கறுப்பின மேலாளர் பொறுப்பேற்றது 1975இல். டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். பயிற்சியாளர்களில் நூற்றுக்கு 13 பேர் அளவிலேயே பெண்கள். உங்கள் குறிப்பேட்டில் பயிற்சியாளர், தேர்வாளர், பொருளாளர், நடுவர் ஒவ்வொரு பொறுப்பிலும் யார் என்பதோடு, அந்தப் பணியிடம் காலியானது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் "நண்பர் சொன்னார்" என்ற பதிலே வருமென்றால், விளம்பரம் செய்யாமல் ஆள் எடுக்கிறார்கள் என்று பொருள். அங்கே திருத்தம் எளிது.

மகப்பேறு விடுப்பைப் பற்றி ஒரே கேள்வி: விதி இருக்கிறதா, இல்லையா? தொழில்முறைக் கால்பந்தில் 2021 முதல் குறைந்தது 14 வார ஊதிய விடுப்பு கட்டாயம். விதி இல்லாத கழகம் அதை முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

கடைசியாக, விட்டுப் போனவர்களைத் தேடுங்கள். இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் தாக்குப்பிடித்தவர்களின் பதிலே கிடைக்கும். கடந்த இரண்டு பருவங்களில் நின்றவர்களின் பட்டியலை எடுத்து, பயிற்சியாளர் அல்லாத ஒருவர் மூலம் பேசுங்கள். "ஏன் நின்றாய்?" என்று கேட்டால் படிப்பு, நேரமின்மை என்று நாகரிகமான பதில் வரும். "எந்த நாளில் இனி வர வேண்டாம் என்று தோன்றியது?" என்று கேளுங்கள், அந்த நாளில் நடந்ததைச் சொல்வார்கள்.

அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு குறைக்கும் எதிரே கண்ட எண், செய்ய வேண்டிய மாற்றம், பொறுப்பாளர் பெயர், செலவு, முடிக்க வேண்டிய தேதி ஆகியவை இருக்கட்டும். செலவே இல்லாத மாற்றங்களை, குறிப்பாக மைதான நேரச் சுழற்சியை, முதலில் கேளுங்கள். அதற்கும் நிர்வாகம் தயங்கினால் பணம் காரணமல்ல என்பது எழுத்தில் பதிவாகிவிடும். புகார் பெறுபவர் அணித் தேர்வில் தொடர்பில்லாதவராக இருக்க வேண்டும். புகார் தந்தவர் அடுத்த ஆட்டங்களில் உட்கார வைக்கப்பட்டாரா என்பதையும் தொடர்ந்து குறித்துவாருங்கள். அடுத்த பருவத்தில் அதே நான்கு வாரங்களுக்கு, அதே பத்திகளுடன், மீண்டும் எண்ணுங்கள். அந்த முறை எண்ணுபவர் வேறொருவராக இருப்பது நல்லது.