வைஃபை சாவி: 64, 128, 256 பிட் எதைச் சொல்கின்றன?

ரூட்டரின் வயர்லெஸ் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால் 64, 128, 256 என்று எண்கள் வரலாம். தகவலைப் பூட்டும் ரகசிய எண்தான் சாவி, அதன் நீளத்தைச் சொல்பவை இவை. பெரிய எண்ணைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பிட் கணக்கு. ஒரு பிட் கூடினால் சாத்தியமான சாவிகள் இரண்டு மடங்காகும். 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கேட்கத்தான் மலைப்பு, இன்றைய கணினி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடும். 128 பிட்டில் அது நடக்காது.

சரி, அப்படியானால் பழைய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூ.இ.பி.யில் (WEP) 128 பிட் போதுமா? போதாது. அதில் நம் சாவி 104 பிட்தான், அதாவது 13 எழுத்து. (64 பிட் என்பதில் 40, வெறும் 5 எழுத்து.) மீதி 24 பிட், ஒவ்வொரு பாக்கெட்டோடும் (அனுப்பும் தகவலின் சிறு துண்டு) மறைக்கப்படாமலே போகிற ஓர் எண். அதில் மொத்தம் 1,67,77,216 எண்களே உண்டு, நெரிசலான நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் தீர்ந்து பழையதே திரும்ப வரும். அந்த எண் சாவியோடு சேரும் விதத்திலேயே ஓட்டை இருப்பதை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2001-ல் காட்டினார்கள். 2007-ல் வேறு ஆய்வாளர்கள் 104 பிட் சாவியையே ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டார்கள். அதனால் டபிள்யூ.இ.பி. பக்கமே போகவேண்டாம்.

அடுத்து, அதற்குப் பின் வந்த பாதுகாப்பு முறையான டபிள்யூ.பி.ஏ. 2-ஐத் (WPA2) தேர்ந்தெடுத்து, அதற்குள் தகவலைப் பூட்டும் முறையாக ஏ.இ.எஸ். (AES) என்பதை வையுங்கள், பழைய முறையான டி.கே.ஐ.பி. (TKIP) வேண்டாம். எல்லாக் கருவிகளும் ஏற்றால் டபிள்யூ.பி.ஏ. 3 இன்னும் நல்லது.

அப்புறம்தான் முக்கியமான வேலை, பாஸ்வேர்டு. 8 முதல் 63 எழுத்து வரை கொடுக்கலாம். ரூட்டர் அதோடு நெட்வொர்க் பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்து 256 பிட் சாவியாக்கும். ஆனால் நீங்கள் 8 இலக்க எண்ணைக் கொடுத்தால் சாத்தியங்கள் 10 கோடிதான், 27 பிட்கூட வராது. 10 இலக்க போன் நம்பரும் 34 பிட்டைத் தொடாது. டபிள்யூ.பி.ஏ. 2-ல் ஒருவர் உங்கள் கருவி ரூட்டரோடு இணையும் நொடியைப் பதிவு செய்துகொண்டால் போதும், பிறகு எங்கோ உட்கார்ந்து நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம். 7776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து பகடை உருட்டி 5 சொற்கள் எடுங்கள், 64 பிட் கிடைத்துவிடும். சொற்களை நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது.

ரூட்டரோடு வந்த நெட்வொர்க் பெயரையும் மாற்றிவிடுங்கள், பொதுவான பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல்கள் உண்டு. பழைய பிரிண்டர் ஒன்று இணைய மறுக்கிறதா? அதற்காக மொத்த நெட்வொர்க்கையும் டபிள்யூ.இ.பி.க்கு இறக்காதீர்கள், அதைக் கேபிளில் இணையுங்கள்.