வசந்தத்தில் ஜோஷுவா ட்ரீ: கூடாரம் போடப் போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போக மார்ச், ஏப்ரல்தான் சரியான நேரம், ஆனால் எல்லோரும் அப்போதுதான் வருவார்கள் என்பதால் முன்பதிவு இல்லாமல் வார இறுதியில் கிளம்பாதீர்கள்.

முதலில் தண்ணீர். ஜம்போ ராக்ஸ் முகாமில் குழாயே கிடையாது, பிளாக் ராக், காட்டன்வுட் முகாம்களில் உண்டு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டராவது வேண்டும், நடக்கப் போகிறீர்கள் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள், காரில்தானே வைக்கப் போகிறீர்கள், கனம் பார்க்க வேண்டாம்.

பகலில் வெயில் சுட்டாலும் ராத்திரி நன்றாகக் குளிரும், கம்பளித் தொப்பியும் தடித்த ஸ்லீப்பிங் பேக்கும் அவசியம். காற்று பலமாக அடிக்கும். கூடாரத்தின் முளைகளை ஆழமாக அடித்துவிட்டே நடக்கப் போங்கள்.

ரையன் மலை ஏற்றம் போய்வர சுமார் 5 கிலோமீட்டர், நிழலே இல்லை, அதனால் விடியற்காலையில் தொடங்குவது நல்லது. அப்புறம் சோயா (cholla) என்கிற கள்ளிச்செடி: லேசாக உரசினாலே முள் உருண்டை ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்காமல் சீப்பால் நெம்பி எடுங்கள். பூங்காவுக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். விறகும் வெளியிலிருந்தே வாங்கி வர வேண்டும், உள்ளே ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது.